ஒட்டுக்கண்

புளி உலுக்கும்போது மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கக் கூடாது. ஜவ்வாது மலையில் நடை பழகிய எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மேலே கிளையில் நின்றவர் என் கணவர். அவர் ஒரு வேலை செய்யும்போது கீழே நின்று புத்தி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. "அது பட்ட கிளைங்க, அதுல கால வைக்காதீங்க" என்று முகத்தைத் தூக்கிச் சொன்னேன். அவர் அதில் கால் வைக்கவில்லை. பக்கத்துக் கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். பழத்தோடு வந்த காய்ந்த சுள்ளி ஒன்று நேராக என் வலக்கண்ணில் விழுந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் எனக்கு வேலை. வீட்டுக்குச் சாமை, கேழ்வரகு விளைகிற கொல்லையும் கொஞ்சம் புளியமரமும் உண்டு. அடிபட்ட கண்ணில் சிவப்பு சீக்கிரமே தணிந்தது. ஆனால் ஆடி பிறப்பதற்குள் கண்ணின் நடுவில் கஞ்சியில் ஆடை படிகிற மாதிரி வெள்ளை படர்ந்து பார்வை போய்விட்டது. வேலூருக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அடிபட்டுக் கெட்டுவிட்டது, அதை எடுத்துவிட வேண்டும் என்றார்.

இப்போது மாதிரி பழைய லென்ஸை எடுத்த இடத்தில் புதிதாக ஒன்றை வைத்து அனுப்புகிற வழக்கம் அப்போது எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. எடுத்தால் எடுத்ததுதான். அதற்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் நல்ல கண்ணில் ஒரு கணவரும் ஆபரேஷன் ஆன கண்ணில் அவரைவிடப் பெரிய இன்னொரு கணவரும் தெரிந்தார்கள். ஒருவரோடேயே எனக்கு ஒத்துப்போவது கிடையாது. கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டு இடக்கண்ணை வைத்தே காலம் தள்ளலாம் என்று முடிவு செய்தேன். வலக்கண்ணில் உருவம் எதுவும் பிடிபடாது. மனிதர், மாடு, மரம் எல்லாம் நீரில் கரைந்த மாதிரி இருக்கும். நிறம் மட்டும் தெரியும்.

அந்த நிறம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. போளூரிலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்து வயல் ஒன்றில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் பக்கத்தில் கணவர், ஊருக்குத் திரும்புகிற மரியாதைக்காகச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா ஒரு விளையாட்டுக்கு இடக்கண்ணைக் கையால் மூடி, வலக்கண்ணால் வேட்டியைப் பார்த்தேன், கொக்கைப் பார்த்தேன். கொக்கு இருந்த இடமெல்லாம் நீலம் கலந்த ஒரு வெளுப்பு, கூசுகிற அளவுக்கு. வேட்டி அதன் பக்கத்தில் மங்கிக் கிடந்தது. கையை மாற்றி மூடினேன். இடக்கண்ணுக்குக் கொக்கும் வெள்ளை, வேட்டியும் வெள்ளை. மறுபடி மாற்றினேன். "கண்ணுல தூசியா?" என்று அவர் கேட்டார். "உங்க வேட்டி அழுக்குங்க" என்றேன். மலை ஏறி முடிகிற வரை அவர் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு அதே வேலையாகப் போய்விட்டது. சத்துணவு அடுப்பை மூட்டிவிட்டுப் பருப்பு வேகிற நேரத்தில் வெளியே வந்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து ஊரையே பார்ப்பேன். கூரைமேல் கிடந்த சாம்பல் பூசணி இடக்கண்ணுக்குச் சாம்பல் பூசினாற்போல இருக்கும். வலக்கண்ணுக்குச் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி. கொல்லை ஓரத்து ஆமணக்குத் தண்டில் மாவு படிந்த மாதிரி ஒரு வெளுப்பு இருக்குமே, அதுவும் அப்படித்தான். விரலால் அந்த மாவைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் துடைத்த இடத்தில் நீலம் இல்லை. பூக்களைப் பறித்துக் குவித்துப் பார்த்தேன். ஒரே மஞ்சள் என்று இத்தனை நாள் நினைத்திருந்த இரண்டு பூக்களில் ஒன்று மஞ்சளாகவே இருந்தது, இன்னொன்று வெளுத்துவிட்டது. சாணம் மெழுகின தரை, மிளகாய், கரிச்சட்டி இவற்றில் மாற்றமே இல்லை. எதில் இருக்கும், எதில் இருக்காது என்று முன்கூட்டி என்னால் சொல்ல முடியவில்லை. அதனாலேயே அடுத்ததைப் பார்க்கும் ஆசை தீரவில்லை.

ஐப்பசியில் சாமை முற்றும் நேரம். தினைக்குருவியும் கிளியும் கூட்டமாக இறங்கும். கொல்லைக்குக் கொல்லை கம்பு நட்டு, அதன்மேல் கரிப்பானையைக் கவிழ்த்து, வெள்ளைப் புள்ளி வைத்து நிறுத்துவார்கள். எதிர்வீட்டு அக்கா தன் பானைக்கு எல்லாரையும்போலச் சுண்ணாம்பில் புள்ளி வைத்திருந்தாள். என் கணவருக்குச் சுண்ணாம்பு கரைக்கச் சோம்பல். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட் டப்பாவில் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி நாலு இழுப்பு இழுத்துவிட்டார். இடக்கண்ணால் பார்த்தபோது இரண்டு பானையும் அக்கா தங்கைதான். வலக்கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த இரண்டு வெளுப்பில் அவளுடையது நீலம் பூத்து இருந்தது. எங்களுடையது வெண்ணெய் மாதிரி இருந்தது.

இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் அந்தத் தவளையின் வாயைவிடப் பெரியது. வரப்பிலேயே நின்று, "அக்கா, உன் பானைல இருக்கிற வெள்ள வேற, எங்க பானைல இருக்கிற வெள்ள வேற. உனுக்குத் தெரியுதா?" என்று கேட்டேன். அவள் பானையைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தாள். கிட்டே வந்து தாடையைப் பிடித்து நன்றாகப் பார்த்தாள்.

அங்கே பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. ஆபரேஷனின்போது கண் பாப்பாவின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வைத்திருந்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய கறுப்பு, பூட்டில் சாவி நுழைகிற ஓட்டை மாதிரி மேலே நீண்டிருக்கும். இமையை உயர்த்தினால்தான் தெரியும். அக்கா உயர்த்திப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே ஊருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்கு முந்தின வருடம்தான் கீழேயிருந்து தோட்டக்கலைக்காரர்கள் வந்து, ஒட்டு மாங்கன்று கட்டுவது எப்படி என்று எங்களுக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மரத்தின் கிளையைச் சீவி இன்னொரு மரத்தின் தண்டில் பொருத்திக் கட்டினார்கள். அது துளிர்விட்டதை ஊரே நின்று பார்த்தது. நாட்டு மாஞ்செடியின் உடம்பில் வேறு மாமரத்தின் தலை! அதைப் பார்த்த பிறகு எங்கள் ஊருக்கு எதுவும் முடியாத காரியமாகத் தெரியவில்லை. வேலூரில் என் கெட்டுப்போன கண்ணை எடுத்துவிட்டு, ஒரு கிளியின் கண்ணைச் சீவி ஒட்டுக் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்த வெட்டு, ஒட்டுக் கட்டின தழும்பு. மனிதனுக்குத் தெரியாத நிறம் எனக்குத் தெரிவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. கேட்டவர்களுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. எனக்கே இரண்டு நாள் சந்தேகம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வீட்டில் அம்மா இருந்தாள்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நைனா இறந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்வாள். சுவரைத் தடவியபடியே வீடு முழுக்க நடப்பாள். கார்த்திகையில் ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போடுகிறார்கள், ஆபரேஷனும் அங்கேயே செய்வார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். அம்மாவும் சரி என்றிருந்தாள். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு கூச்சம் வரும், கல்யாணப் பேச்சு எடுத்த பெண்ணுக்கு வருகிற மாதிரி. இந்த ஒட்டுக்கண் கதை காதில் விழுந்த நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

"நான் வர்ல" என்றாள்.

"ஏம்மா?"

"எனுக்கு இருக்கிற இருட்டு போதும்டி. பொழுது சாஞ்சா கோழியப் பார்த்திருக்கியா? கூட்டுக்கு வழி தெரியாம செவுத்துல முட்டிக்கும். அந்தப் பறவக் கண்ண வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"யாரும் கிளிக் கண்ணு வைக்கலம்மா. ஊர்ல சொல்றதக் கேட்டுக்கினு பேசறியே."

"அப்போ இல்லாத கலரு உனுக்கு எப்டித் தெரியுது? நீயே தானே சொல்றே?" என்றாள். பிறகு, "அது உன் நைனா கண்ணுடி" என்றாள். "தேன் கணக்கா இருக்கும். நீ பொறந்தப்போ ஊரே சொல்லிச்சி. அவரு போய்ட்டாரு, கண்ணு உங்கிட்ட இருக்குதுன்னு இருந்தேன். அதயும் எடுத்து வீசிட்டு வந்து நிக்கறே."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண் அப்படியேதான் இருக்கிறது, உள்ளே இருந்த ஒரு வில்லையைத்தான் எடுத்தார்கள் என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? அவளால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பார்க்க வேண்டுமென்றால் ஆபரேஷன் ஆக வேண்டும். ஆபரேஷன் ஆக வேண்டுமென்றால் பயம் போக வேண்டும். பயம் போக வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த முகாம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சனியன் பிடித்த நிறம் எனக்குத் தெரியாமலே இருந்திருந்தால் என் அம்மாவுக்குக் கண் வந்திருக்கும் என்று அழுதேன்.

என் கணவர் அதிகம் பேசாதவர். மறுநாள் காலையில், "நீ சொல்றது நெசந்தானா?" என்று மட்டும் கேட்டார். நிஜம் என்றேன். "அப்போ இல்லாதது தெரியல. இருக்கறதுதான் தெரியுது. அத அத்தைக்குக் காட்டணும், அவ்ளோதானே?" என்றார். அவருக்கு அவ்வளவு நீளமான பேச்சு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

அவர் யோசனை இதுதான்: பழைய கதவுப் பலகை ஒன்றை எடுத்து அதில் வெள்ளைத் திட்டுகள் வைப்பது, சில சுண்ணாம்பு, சில பெயின்ட். தூரத்தில் நிறுத்திவிட்டு எது எது என்று நான் சொல்ல வேண்டும். அவரே வைத்தால் புருஷனும் பொண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டோம் என்பார்கள். அதனால் திட்டு வைக்கிற வேலையை எதிர்வீட்டு அக்காவிடமே கொடுத்தோம். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உனுக்குக் கண்டதெல்லாம் நீலம். இதுக்கு ஒரு பரீட்சையா?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் ஆசையாகத்தான் வைத்தாள். மண்ணெண்ணெய் கலந்த பெயின்ட்டில் பளபளப்பு செத்துப்போயிருந்தது. காய்ந்த பிறகு முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் இடக்கண்ணுக்கும் தெரியவில்லை.

அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார் கணவர். சுண்ணாம்பு விரலில் ஒட்டும், பெயின்ட் ஒட்டாது. அதைச் சொல்ல யாருக்கும் கண் தேவையில்லை. நான் இடக்கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு உருவம் தெரியாது என்பதால் கணவர் ஒரு குச்சியால் பலகையைத் தட்டித் தட்டிக் காட்டினார். மேல் வரிசை முதல் திட்டு. "சுண்ணாம்பு" என்றேன். அம்மா தடவினாள். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள். "ஆமா, சுண்ணாம்பு" என்றாள். அடுத்தது. "பெயின்ட்டு." தடவி, முகர்ந்தும் பார்த்தாள். "சீமெண்ண நாத்தம் அடிக்குது" என்றாள். இப்படியே போயிற்று. வேடிக்கை பார்த்தவர்களின் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

கீழ் வரிசையில் ஒரு திட்டு. நீலம் பூத்த வெளுப்பு. "சுண்ணாம்பு" என்றேன்.

"மாட்டிக்கினா!" என்று எதிர்வீட்டு அக்கா கைகொட்டினாள். "அது பெயின்ட்டு. நாந்தானே வச்சேன், எனுக்குத் தெரியாதா?"

என் கணவரின் குச்சி பலகையிலேயே நின்றது. இடக்கண்ணைத் திறந்து பார்க்க ஆசை வந்தது, ஆனால் திறந்தும் பயனில்லை. மறுபடி உற்றுப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. "சுண்ணாம்புதான்" என்றேன்.

அம்மா கையை நீட்டினாள். இடம் தெரியாமல் பலகையில் துழாவி, கணவர் கையைப் பிடித்து வைத்த இடத்தில் விரலை அழுத்தித் தேய்த்தாள். பிறகு விரலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். நுனி வெள்ளையாக இருந்தது. "இன்னாடி இது, நீ வச்ச பெயின்ட்டு மாவு மாவா வருது?" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா தானும் வந்து தேய்த்துப் பார்த்தாள். இரண்டு கிண்ணத்திலும் மாறி மாறித் துணியை முக்கினதில் தனக்கே குழப்பமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். வைத்தவளுக்கே தெரியாததை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. அது அந்தப் பலகையில் இருந்தது, அதனால் தெரிந்தது. அம்மாவுக்கு அது புரிந்தது என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, "நெசமாவே இருக்கறதுதான் தெரியுதா உனுக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா. இன்னும் சந்தேகம்னா, என் கண்ணு நைனாவுதா கிளியுதான்னு நீயே கண்ணத் தொறந்து பாரு. வேற வழியில்ல" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் வந்தாள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். எனக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டரம்மா வந்திருந்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணையும் முடித்துவிடலாம், இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விட்டுச் செய்யலாம் என்றார். அவர் டீ குடிக்கிற நேரம் பார்த்து நான் போய் நின்றேன். கொக்கு, பூசணி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க சொல்றது சரிம்மா" என்றார். "வெயில்ல நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி இருக்கு. ஊதா நிறத்துக்கு அந்தப் பக்கம். நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ், மாவு சலிக்கிற சல்லடை மாதிரி, அதை உள்ள விடாம நிறுத்திடும். உங்களுக்கு அந்தச் சல்லடையை நான் எடுத்துட்டேன். அதனால அது உள்ள வருது."

"அது யாருக்குமே தெரியாதுங்களா? எனக்கு மட்டுந்தானா?"

"தேனீக்குத் தெரியும்னு ரொம்ப நாளா தெரியும். பறவைகளுக்கும் தெரியும்னு இப்பதான் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சிட்டு வராங்க. அதுங்க கண்ணுல அந்த ஒளிய நிறுத்தாத லென்ஸ்தான் இருக்கு."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஊரார் சொன்னது முழுக்கப் பொய் இல்லை என்றல்லவா ஆகிறது! கிளியின் கண்ணை ஒட்டவில்லை. ஆனால் கிளி பார்ப்பதில் ஏதோ ஒரு துளி எனக்கும் வந்திருக்கிறது. "அப்போ கிளி பார்க்கிற மாதிரியே நானும் பார்க்கறேனா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நிறம் பிரித்துப் பார்க்க நம் கண்ணில் மூன்று வகை அமைப்பு இருக்கிறது, பறவைக்கு நாலாவதாக இன்னொன்றும் உண்டு என்று விளக்கினார். எனக்குத் தடுப்புதான் போயிற்று, நாலாவது வரவில்லை. அதனால் அந்த ஒளி எனக்குள் வந்தும் தனக்கென்று இடமில்லாமல் நீலத்தோடு போய் ஒண்டிக்கொள்கிறது. பறவைக்கு அது தனி நிறம். சிவப்பு மாதிரி, பச்சை மாதிரி, அதற்கென்று ஒரு நிறம். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அது எந்த மனுஷனுக்கும் தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும்.

அதன் பிறகு நான் பறவையைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. சத்துணவுக் கூடத்துக் கூரையில் மைனா ஜோடி ஒன்று வரும். எது ஆண், எது பெண் என்று நமக்குத் தெரியாது. நமக்கு ஒன்றாகத் தெரிகிற எத்தனையோ பறவைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறகில் அந்த ஒளி வேறுவேறாக இருக்கிறது, அவை அதைப் பார்த்தே ஜோடி சேர்கின்றன என்று பிற்காலத்தில் படித்தேன். அப்போது அதெல்லாம் தெரியாது. அந்தத் தடித்த கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு, சோறு குழைகிற வரை மைனாவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை. சோறு குழைந்ததற்குத் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அடுத்த வருடம் ஒரு யோசனையும் வந்தது. போன வருடம் குருவிகள் எங்கள் பானையைப் பார்த்துப் பயப்படாமல் இறங்கியதற்கு அந்தப் பெயின்ட்தான் காரணம், அவற்றின் கண்ணுக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் முழு வெள்ளை என்று கணவரிடம் பெரிய பேச்சு பேசினேன். அவரைப் படுத்தியெடுத்துச் சுண்ணாம்பு கரைக்க வைத்தேன். புதிதாகப் புள்ளி வைத்த பானையைக் கொல்லையில் கவிழ்த்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, கிளி ஒன்று அதன் தலையிலேயே உட்கார்ந்து எங்கள் சாமையை உருவிக்கொண்டிருந்தது. "உன் ஒறவுக்காரன் வந்திருக்கான், பாரு" என்றார் கணவர்.

நான் முகாமை விட்டு எங்கேயோ போய்விட்டேன். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த அன்றைக்கு வருகிறேன். கண்ணாடி தயாராகி வர இன்னும் நாளாகும். அதுவரை உருவம் தெரியாது, நிறம் மட்டும்தான். அதுவும் என்னைப்போல ஒரு கண்ணில் அல்ல, இரண்டு கண்ணிலும். நான் பொறுத்திருப்பேனா? முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு எதிரே அவளை நிறுத்தினேன். இந்த உலகத்தில் நான் பார்ப்பதைப் பார்க்கிற இன்னோர் ஆள் கிடைத்துவிட்டாள் என்று எனக்குப் படபடப்பு.

"இன்னா தெரியுதும்மா?"

"வெள்ளச் செவுரு."

"நல்லாப் பாரு. நீலம் கலந்தாப்பல இல்ல?"

"ஆமா. வெள்ளன்னா அப்டித்தானே இருக்கும்?"

"முன்னெல்லாம் அப்டியா இருந்துச்சி?"

"முன்ன எப்டி இருந்துச்சின்னு யாருக்குடி ஞாபகம்? இதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம் பண்ணே?" என்று சொல்லிவிட்டு வெயில் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் பழைய கண் ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் கண்ட நிறம்தான் அவளுக்கு நிறம். கிளிக்கும் அப்படித்தான் இருக்கும். நாம் பார்க்காததைத் தான் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியவா போகிறது? அதிசயம் எல்லாம் ஒற்றைக் கண் மாறின எனக்கு மட்டும்தான்.

மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு முன்னால், கண்ணாடி வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். போய் வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டு முற்றத்தில் அம்மாவை உட்கார வைத்துக் கணவர் அதை அவள் முகத்தில் மாட்டிவிட்டார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாக உருண்டன. எதிர்வீட்டு அக்காவும் வந்து நின்றாள். அம்மா மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். மாடு நின்ற பக்கம் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எங்கடி அவ?" என்று கேட்டாள். நான் அவள் முன்னால்தான் நின்றிருந்தேன். அத்தனை வருடத்தில் நான் எப்படி ஆகிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இங்கதாம்மா" என்றேன்.

குரலைக் கேட்டதும் கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள். வெயிலுக்கு நேராக என் முகத்தைத் திருப்பினாள். கட்டை விரலால் வலது இமையைத் தூக்கினாள். அந்தக் கண்ணுக்கு அவள் முகம் நீலம் பூத்த ஒரு வெளிச்சமாக மட்டும் இருந்தது. மூச்சு மேலே பட்டது. ரொம்ப நேரம் பார்த்தாள். இடது கண்ணை ஒரு தடவை பார்த்தாள், மறுபடி வலதுக்கு வந்தாள்.

"மேல ஓரத்துல இத்துனூண்டு கிழிஞ்சிருக்குது" என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னாள். "மத்தபடி அவருதான்."

பிடித்த தாடையை அவள் விடவில்லை. நானும் நகரவில்லை.